செயின் மெடிக்கல் தரும் 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது?

நாகர்கோவிலில் இப்போது எந்த முக்குக்குப் போனாலும் ஒரு செயின் மெடிக்கல் போர்டு. மார்த்தாண்டத்திலும் அதே கதைதான். அண்ணாச்சி கடையெல்லாம் போச்சே என்று ஒப்பாரி வைக்க வரவில்லை. சீட்டே இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கை நாலு நாலாகக் கத்தரித்துக் கொடுத்த, பில் கேட்டால் முறைத்த கடைகளும் நம்மூரில் உண்டு. எனக்கு உறுத்துவது செயின் கடைகள் தரும் அந்த 20 சதவீதத் தள்ளுபடிதான்.

அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்துக்குக் கடைக்காரருக்கு லாபம் 16 சதவீதம், மொத்த வியாபாரிக்கு 8. பட்டியலில் இல்லாததற்கு வழக்கமாக 20, 10. வாடகை, கரண்ட், பார்மசிஸ்ட் சம்பளம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தனிக் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் தள்ளினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். செயின்காரருக்கு அப்படி இல்லை. மொத்தமாக எடுப்பதால் கம்பெனியிடமே பேசி ஸ்டாக்கிஸ்ட்டின், அதாவது மொத்த வியாபாரியின் பங்கையும் சேர்த்துப் பிடிக்க முடியும், அப்புறம் சொந்த பிராண்ட் மாத்திரை வேறு. சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் இல்லை, நமக்கும் பைசா மிச்சம்தான்.

ஆனால் ஒரு செயின் இன்னொரு செயினை வாங்கும்போது எதற்கு விலை கொடுக்கிறது என்று பாருங்கள். 2014இல் மருந்து கம்பெனியான ஹெட்டெரோவின் 320 மருந்துக்கடைகளை அப்போலோ 146 கோடிக்கு வாங்கியது. கடைக்கு ஏறக்குறைய 45 லட்சம். அலமாரிக்கும் ஏசிக்குமா அவ்வளவு? மருந்து லைசென்ஸ்கூட அப்படியே கைமாறாது, நிறுவனத்தின் அமைப்பு மாறினால் பழையது அதிகபட்சம் மூன்று மாதம்தான் செல்லும். புதுக் கடை திறந்தால் ஆள் சேர நாளாகும், வாங்கிய கடைக்கோ மாசாமாசம் சுகருக்கும் பிரஷருக்கும் வருகிற கூட்டம் முதல் நாளே வாசலில் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குத்தான் காசு. 2020இல் ரிலையன்ஸ், ஆன்லைனில் மருந்து விற்கும் நெட்மெட்ஸில் பெரும்பங்கை எடுத்ததும், அடுத்த வருடம் டாடா 1எம்ஜியை எடுத்ததும் ஆன்லைனில் நடந்த இதே வியாபாரம்தான்.

கவுண்டரில் சீட்டை நீட்டினால் முதலில் கேட்பது போன் நம்பர். அடுத்த மாசம் மாத்திரை தீருவதற்குள் மெசேஜ் வந்து நிற்கும். அம்மாவுக்கு வசதியாகத்தான் இருக்கிறது, சொல்லக் கூடாது.

சரி, தெருவில் ரெண்டு செயின் ஒன்றாகி, பக்கத்துத் தனிக் கடையும் ஷட்டரை இறக்கிய பிறகு இந்த 20 அப்படியே இருக்குமா? எம்ஆர்பிக்கு மேல் விற்க முடியாது, ஆனால் எம்ஆர்பிக்கே விற்றால் யாரும் கேட்க முடியாது. போட்டி இருக்கிற வரைக்கும்தான் தள்ளுபடி. அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழக அரசு குறைந்த விலையில் மருந்து தர 1000 முதல்வர் மருந்தகம் திறந்ததை நான் அரசியலாகப் பார்க்கவில்லை, விலையை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அங்கே கேட்ட மருந்து ஸ்டாக் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் மலையோரத்துக் கடையாலுமூடு, பேச்சிப்பாறைப் பக்கம் கூட்டம் குறைவு என்று எந்தச் செயினும் அவசரப்பட்டு ஏறி வராது. அங்கே ராத்திரி காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்துத் தர இன்றைக்கும் அந்தத் தனிக் கடைக்காரர்தான் எழுந்து வர வேண்டும்.