ஜம்போ என்றால் எவ்வளவு?

'ஜம்போ' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மளிகை வாங்கப் போனேன். வீட்டில் ஆறு பேர், காலை டீக்கு பிஸ்கட் இல்லாமல் மாமனாருக்கு ஆகாது. அலமாரியில் கண்ணுக்கு நேரே மஞ்சள் எழுத்தில் 'ஜம்போ பேக்'. 600 கிராம், 135 ரூபாய். பெரிசாக வாங்கினால் லாபம் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? எடுத்துக் கூடையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவில் கொட்டும்போதுதான் பாக்கெட்டின் பின்பக்கம் கண்ணில் பட்டது. ஒட்டின மடிப்புக்குள் பாதி மறைந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: கிராமுக்கு 0.23 ரூபாய். மகளின் பள்ளிப் பையில் அதே பிஸ்கட்டின் பத்து ரூபாய் பாக்கெட் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 50 கிராம், கிராமுக்கு 0.20. பன்னிரண்டு சின்னப் பாக்கெட் வாங்கியிருந்தால் அதே 600 கிராம் 120 ரூபாயோடு முடிந்திருக்கும். மீதிப் பதினைந்து ரூபாயை எதற்குக் கொடுத்தேன்? அந்த ஒற்றைச் சொல்லுக்கு.

மறுநாள் கடையில் கேட்டேன். "அக்கா, ஜம்போன்னா பெருசுன்னுதான் அர்த்தம். விலை கம்மின்னு எங்க போட்டிருக்கு?" என்றார் பில் போடும் தம்பி. அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கிலோவுக்கு அளவு உண்டு, லிட்டருக்கு உண்டு. ஜம்போவுக்கு? அவரவர் இஷ்டம். அமெரிக்காவில் முட்டைக்காவது ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு டஜன் 30 அவுன்ஸ், அதாவது சுமார் 850 கிராம் இருந்தால்தான் ஜம்போ. போயிங் 747ஐ ஜம்போ ஜெட் என்றார்கள்; சரி, அது நிஜமாகவே பெரிசு.

ஜம்போ என்பது ஒரு யானையின் பெயர் ஐயா! அதற்கு முன்னால் தடியனைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகத்தான் இருந்தது. 1865 முதல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பிள்ளைகளை முதுகில் சுமந்த ஆப்பிரிக்க யானையால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. 1882இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் 2,000 பவுண்டுக்கு அதை வாங்கிப்போய் ஊர் ஊராகக் காட்டினார். 1885இல் கனடாவில் ரயில் மோதிச் செத்தது. அப்புறமும் விடவில்லை. தோல் தனி, எலும்பு தனி என்று பிரித்துக் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தார்கள். அந்த வாயில்லாப் பிராணியின் பெயரை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் மாதக் கடைசியில் பத்துப் பத்தாக எண்ணிச் செலவு செய்கிற எங்களிடம்.

கிராம் விலையை அச்சிடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, அச்சிட்டும் இருக்கிறார்கள். ஆனால் யார் கண்ணுக்குத் தெரிகிறது? அதை முன்பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். 'ஜம்போ' எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு, அதே மஞ்சளில் போடுங்கள்.