தேரா மன்னா என்றால் சிரிப்பு வருகிறதாம்

அந்த டெலிவரித் தம்பி விஷயத்தில் நான் போட்ட கமெண்ட்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாக் குழுவிலும் சுற்றிவிட்டது, அதனால் நடந்ததை மறுபடி விரிவாக விளக்கப் போவதில்லை: பார்சல் காணோம் என்றதும், விசாரிக்காமல் அவன் போட்டோவைத் திருடன் என்று நம் குழுவில் போட்டார்கள். "தேரா மன்னா" என்று இரண்டே வார்த்தைதான் எழுதினேன், விசாரிக்காத அரசனே என்று கண்ணகி பாண்டியனைச் சொன்னது. "அக்கா, மதுரையை எரிச்சிடாதீங்க" என்று ஒருவர். "சிலப்பதிகாரம் எல்லாம் பரீட்சையோட சரி, இந்தக் காலத்துக்கு எதுக்கு?" என்று இன்னொருவர். இவர் தமிழ் எம்.ஏ. வேறு.

எதுக்கா? அதில் கோவலன் கொலையைச் சொல்லும் கொலைக்களக் காதையை ஒருமுறை எடுத்துப் படியுங்கள் ஐயா. பாண்டியன் ஊடிப்போன தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில் இருக்கிறான். சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்று பொற்கொல்லன் வந்து சொல்கிறான். ஒரு கேள்வி கிடையாது. "கொன்றச் சிலம்பு கொணர்க", அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வா, முடிந்தது. போன காவலர்களே கண்ணகியின் கணவன் கோவலனைப் பார்த்ததும் இவன் கொலைப்படு மகன் அல்லன் என்று தயங்குகிறார்கள். அப்போது அந்தப் பொற்கொல்லன் ஒரு வகுப்பு எடுக்கிறான் பாருங்கள்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டாம். இத்தனைக்கும் அரண்மனைச் சிலம்பைத் திருடியவனே அவன்தான்! "எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும்" என்று நம் குழுவில் வருகிறதே, அதே குரல். கடைசியில் வாளை வீசியது ஒரு கல்லாக் களிமகன், படிக்காத குடிகாரன். அவனுக்குச் சிலம்பும் தெரியாது, கோவலனும் தெரியாது. வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்தவன், அவ்வளவுதான்.

விசாரிக்கவில்லை. அதுதான் மொத்தக் கதையும். விசாரிக்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில், விடுதியில் ஒரு பெண்ணின் செயின் காணாமல் போனது. அறையில் கடைசியாக இருந்தது நான். என் டிரங்குப் பெட்டியை வராந்தாவில் கவிழ்த்தார்கள். உள்ளாடைகூட எல்லோர் முன்னாலும் கிடந்தது. மூன்றாம் நாள் செயின் அவளுடைய சோப்பு டப்பாவிலேயே கிடைத்தது. "சரி விடு, மனசுல வெச்சுக்காத" என்றார் வார்டன். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து, அரசியின் சிலம்பில் இருக்கும் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும் "யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விட்ட பாண்டியனை நினைத்துப் பாருங்கள். என்னிடம் ஒருத்தரும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

போட்டோ போட்டது கொலையா என்று கேட்பீர்கள். இல்லை. பெட்டியைக் கவிழ்த்ததும் கொலை இல்லைதான்.

கண்ணகி மட்டும் விசாரித்தா ஊரை எரித்தாள் என்கிறீர்கள். முதியோர், குழந்தைகள், அறவோர் என்று ஒரு பட்டியலை விட்டுவிடச் சொல்லித்தான் எரித்தாள். ஆனால் மீதிப்பேர் எல்லாம் தீயவர்களா என்றால் எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது, மறுக்கவில்லை. அதற்காகப் பாண்டியன் செய்தது சரியாகிவிடுமா?

அதைவிட உறுத்துவது இன்னொன்று. அதே சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை என்ற முன்பகுதியில், வெற்றிவேற் செழியன் என்ற இன்னொரு பாண்டியன் கண்ணகிக்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று, களவேள்வி என்று பலி கொடுக்கிறான். ஒருத்தன் செய்ததற்கு ஆயிரம் பேர்! நாடு மழை பெய்து செழித்ததாம். படிப்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறோம். "இந்த டெலிவரிப் பசங்களே இப்படித்தான்" என்று நேற்று குழுவில் எழுதினார்களே, எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பார்சல் எதிர்வீட்டு ஷூ ரேக்கில் இருந்தது. தம்பியின் போட்டோ மட்டும் இன்னும் குழுவில் இருக்கிறது, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.