ஒரு ஸ்க்ரூவுக்கு இத்தனை அலைச்சலா?

மடக்குக் கத்தியில், பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பைப் பிடித்திருந்த ஸ்க்ரூ, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் எங்கேயோ விழுந்துவிட்டது. அரிசி மணியில் பாதிகூட இருக்காது. கம்பெனிக்குப் போன் போட்டால் கத்தியை அனுப்புங்கள், பில்லை அனுப்புங்கள், வந்த டப்பாவையும் அனுப்புங்கள் என்கிறார்கள். டப்பாவில் என் பெண் கம்மல் போட்டு வைத்திருக்கிறாள்!

நான் ஒன்றும் அநியாயமாகக் கேட்கவில்லை. போன மாசம் பெயின்ட் டின்னை நெம்பி முனையை ஒடித்தேன். அது என் தப்பு, காசு கொடுத்துத்தான் சாணை பிடித்தேன். மாங்காய்ப் பால் பட்டதைத் துடைக்காமல் மடித்து வைத்துக் கறை ஏறியதும் என் சோம்பேறித்தனம். வாரன்டி தயாரிப்புக் குறைக்குத்தான், தேய்மானத்துக்கு இல்லை, தெரியும். ஆனால் வாங்கிய மூன்றாம் மாசமே தானாகக் கழன்ற ஸ்க்ரூ? கவரில் இரண்டு போட்டுத் தபாலில் விட்டால் முடிந்தது. கூரியர் செலவுக்கு ஒரு டஜன் வாங்கலாம்.

கிருஷ்ணகிரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ என்றதும், செல்போன் ரிப்பேர் கடைக்காரர் மட்டும், "திருகுறதுக்கு டி6 சைஸ் பிட் இருக்குங்க, ஸ்க்ரூ இல்லீங்க" என்றார்.

2019 நுகர்வோர் சட்டப்படி குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஸ்க்ரூவுக்கு வழக்கு என்றால் வக்கீலே சிரிப்பார். இப்போதைக்குக் கிளிப்பை ரப்பர் பேண்டால் சுற்றி வைத்திருக்கிறேன்.