இரண்டு வீட்டுக்கும்தான் மழை பெய்தது

மழை தொடங்கினாலே நம் சபை ஆட்களில் சிலர் ஒரு பதிவைப் பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். கர்த்தரை நம்பியவன் வீடு கற்பாறையில் நிற்கும், நம்பாதவன் வீடு சரியும் என்று எழுதி, கீழே மண்ணுக்குள் புதைந்த ஒரு லயத்தின், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், படத்தையும் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் மட்டும் மூன்று பேர் எனக்கு அனுப்பினார்கள். நானும் அதே வேதத்தை வாசிக்கிறவன், அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒருவன் கற்பாறையிலும் ஒருவன் மணலிலும் வீடு கட்டியதாக இயேசு சொன்ன கதை அது; மத்தேயு 7ஐ எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். மழை இரண்டு வீட்டுக்கும் பெய்கிறது, வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் வருகிறது, காற்றும் அப்படித்தான். வீடு கட்டிய இரண்டு பேருமே இயேசுவின் வார்த்தையைக் கேட்டவர்கள். கேட்டபடி செய்தானா இல்லையா, வித்தியாசம் அவ்வளவுதான். லூக்கா 6இல், கற்பாறையில் கட்டினவன் ஆழமாகத் தோண்டினான் என்றும் இருக்கிறது. எருசலேமின் சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்ற எல்லாரையும் விடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். மனந்திரும்பச் சொன்னது அங்கே கேட்டுக்கொண்டு நின்றவர்களை. அதாவது நம்மை.

2014 அக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. சரி, எழும்பிப் போய் எங்கே வீடு கட்டுவது? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மண்ணில் ஒரு பேர்ச் நிலம்கூடச் சொந்தமில்லாத சனத்தைப் பார்த்து, நீ மணலில் கட்டினாய் என்று சொல்ல எப்படி மனது வருகிறது?

எங்கள் தோட்டத்திலும் ஒரு ராத்திரி லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்தது. சரிந்தது பக்கத்துக் காம்பரா, லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. அந்த வீட்டு அண்ணன் விடிய நான்கு மணிக்கு எழும்பி ஜெபிக்கிறவர். லயத்தின் கடைசியில் இருந்த எங்கள் தொங்கல் காம்பராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நானோ அந்த வருஷம் ஆலயத்துப் பக்கமே போகாதவன். இந்தக் கணக்கை அந்தப் பதிவு போடுகிறவர்கள் எப்படித் தீர்ப்பார்கள்?

அத்திவாரம் என்றால் எனக்கு அம்மாதான் ஞாபகம். அப்பா இறந்துபோனபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கொழுந்து குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், சில ராத்திரி வெறும் ரொட்டியும் சாயத் தண்ணியும். லயத்துப் பெண்களின் சீட்டுக் காசு அப்போது அம்மாவிடம்தான் இருந்தது, தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றி. டியூஷன் காசுக்கு அதில் கொஞ்சம் எடுப்போம், அடுத்த சம்பளத்தில் வைத்துவிடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "அது நம்ம காசு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சீட்டு எடுக்கும் முறை வந்த பெண்ணிடம் முழுசாக எண்ணிக் கொடுத்தார். இரண்டு மாதம் எனக்கு வகுப்பு இல்லை. அம்மாவோடு சரியாகப் பேசக்கூட இல்லை.

மண் வெடித்த அந்த ராத்திரி எல்லாரும் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். ஓடுவதற்கு முன்னால் லயத்துப் பெண்கள் தோடு, அடையாள அட்டை, சேமிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்கினார்கள். முக்கால்வாசிப் பேர் அந்தக் கோயிலுக்கே போகிறவர்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் திரும்ப ஆலயத்துக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், எந்தப் பிரசங்கத்தாலும் இல்லை.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் பிள்ளையைக் கொடுத்தவர்களும் முகநூலில் இருக்கிறார்கள்.