தம் அடித்தால் வீட்டுக்கு போன்

நம் மருத்துவக் கல்லூரியில் வந்த அந்தச் சுற்றறிக்கையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எதிர் டீக்கடையில் ஹவுஸ் சர்ஜனோ (பயிற்சி டாக்டர்) பி.ஜி.யோ (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) சிகரெட்டோடு சிக்கினால் வீட்டுக்கு போன் போகுமாம். இருபத்தெட்டு வயசு டாக்டரைப் பற்றி அப்பாவிடம் கோள் மூட்டப்போகிறார்கள். பேஷ்!

அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று அதில் ஒரு வரி உண்டா? தொடர் டூட்டியின் முப்பதாவது மணி நேரத்தில் "பத்து நிமிஷம் உட்காரணும்" என்றால் சோம்பேறி. "ஒரு தம் போட்டுட்டு வரேன்" என்றால் யூனிட்டே தலையாட்டும். ஓய்வுக்கு வார்டில் செல்லுபடியாகும் ஒரே சீட்டு அதுதான். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

"டாக்டருக்கே தெரியாதா?" என்று வருவீர்கள். தெரியும். ரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம். இறங்க இறங்க எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல். அடுத்த சிகரெட் தணிப்பது அதை மட்டும்தான். நோயாளி முகம் மறந்து 'எட்டாம் நம்பர் பெட்' என்று மரத்துப்போன மனசை அது தொடுவதுகூட இல்லை. அதற்குத் தூக்கம் வேண்டும்.

"நாங்களும் பார்த்த டூட்டிதானே?" சீனியர்களே, இளநிலை ரெசிடென்டுக்கு, அதாவது பி.ஜி.க்கு, வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74-க்கு மேல் வேண்டாம் என்று கெஞ்சுகிறது. 32 வருஷத்தில் 26 மணி நேரம் முன்னேறியிருக்கிறோம்.

"சிகரெட்டை விட நிகோட்டின் கம் இருக்கே, மென்றால் போதுமே?" இருக்கிறது. டீ குடித்த வாயோடு மென்றால் நிகோட்டின் ஏறாது, 15 நிமிஷம் விட வேண்டும். பபிள்கம் மாதிரி சவைத்தால் விக்கல், நெஞ்செரிச்சல்தான். சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்லணும். இப்படி அரை மணி நேரம். இன்னொன்று, புகை கல்லீரலைத் தூண்டிவிட்டு டீயில் இருக்கும் காஃபினைச் சீக்கிரம் வெளியேற்றும். தம்மை விட்ட வாரம் அதே ஆறு டீ தூக்கலாக ஏறி, கை நடுங்கும், உறக்கம் போகும். 'தம் இல்லாம முடியலடா' என்று திரும்பக் கடைக்கே போவான். டீயைப் பாதியாக்கச் சொல்ல ஒருவராவது உண்டா? போன் போட மட்டும் ஆள் இருக்கிறது.

ஒழுக்கம்தான் முக்கியம் என்றால், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் வருஷச் சட்டம். டீன் கார் தினமும் அந்தக் கடையை உரசிக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைகிறது. கடைக்காரர் அப்பாவுக்கு யார் போன் போடுவது?