விசருக்கு என்ன சட்டம் என்று கேட்ட ஐயாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோத் துண்டைச் சிரிப்புக்குறியோடு எனக்கே அனுப்பியவர்கள் இன்றைக்கு நாலு பேர். அதில் நீங்கள் என்னைப் பற்றிக் கேட்டது இதுதான்: "உளவியல் படித்த பிள்ளை பிறகு ஏன் சட்டம் படிக்குது? விசருக்கு மருந்து இருக்கு, சட்டம் எதுக்கு?" சபை முழுக்கச் சிரிப்பு.

சரி ஐயா. விசருக்கு, அதாவது நீங்கள் பைத்தியம் என்று சிரிக்கும் மனநோய்க்கு, சட்டம் இருக்கிறது. 1873இல் வெள்ளைக்காரன் போட்டது, 1956இல் கொஞ்சம் திருத்தினார்கள். புதுச் சட்டம் வருகுது வருகுது என்கிறார்கள்.

விசுவமடுப் பக்கம் ஒரு அன்ரி. 2009இல் முள்ளிவாய்க்காலில் மகனைத் தொலைத்தவர். மாதாமாதம் மனநலக் கிளினிக் போவார், குளிசை தவறாது, கோழியும் கச்சான் தோட்டமும் தனி ஆளாகப் பார்க்கிறார். பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) அலுவலாக ஒரு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அடையாள அட்டையை எடுக்கும்போது கிளினிக் கொப்பியும் சேர்ந்து மேசையில் விழுந்தது. உத்தியோகத்தர் நீட்டிய பேனையைத் திருப்பி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "இவவுக்குப் பொறுப்பான ஆள் ஆர்?" அன்ரி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

அந்த இடத்தில் என் உளவியல் பட்டம் எதற்கு? அன்ரிக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கவா? ஒருவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம், விசாரணை வைத்து. கொப்பியைப் பார்த்து மேசையில் இருப்பவர் இல்லை. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. அதுக்குத்தான் ஐயா சட்டம்.

"ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவார்களே, பாதுகாப்புக்குத்தானே" என்று கமெண்ட் வரும். வாங்குவார்கள்தான். விசர் இல்லாதவர்களிடம் வாங்கவில்லையா? 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் 12ஆம் உறுப்புரையை வாசியுங்கள்: முடிவெடுக்க உதவி செய்யச் சொல்கிறது, முடிவைப் பறிக்கச் சொல்லவில்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்பீர்கள். சரி, வெளிநாட்டுக்கே போவோம். எலின் சாக்ஸ், அமெரிக்காவில் சட்டம், உளவியல், உளமருத்துவம் மூன்றுக்கும் பேராசிரியர். அவருக்கே மனச்சிதைவு நோய். ஆஸ்பத்திரியில் கட்டிவைக்கப்பட்டவர், அதை 2007இல் தானே புத்தகமாக எழுதினார். அவர் கிளிநொச்சிக்கு வந்திருந்தால் மைக்கைக் கொடுத்திருப்பீர்களா, பொறுப்பான ஆளைக் கேட்டிருப்பீர்களா?

உங்களில் கோபமில்லை என்று எழுதிவிட்டு அழித்தேன், பொய் எதுக்கு. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் என் அம்மா மூன்று மாதம் ஒருவரோடும் கதைக்கவில்லை. தண்ணி வரிசையில் அவவுக்கு வைத்த பெயரும் உங்கட சபை சிரித்த அதே சொல்தான்.

போன கிழமை அன்ரியைக் கண்டேன். அலுவலகம் போகும் நாட்களில் கொப்பியை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறாராம்.