கேமரா பேக்கும் கல்யாண வீட்டு லட்டு தட்டும்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு தங்கச்சி மகன் வாட்ஸ்ஆப்ல ஒரு படம் அனுப்புறான். தோல் பட்டை, பித்தளை கொக்கி, காப்பிக் கலர் கேன்வாஸ், பாக்க வெள்ளக்கார தொரை வேட்டைக்கு கெளம்புற மாதிரி ஒரு பேக்கு. கீழ "மாமா இது எப்டி, 680 வெள்ளி, செம்ம லா"ன்னு. (வெள்ளின்னா நம்ம மலேசிய ரிங்கிட்.) பையன் இப்பதான் செகண்ட் ஹேண்ட் கேமரா ஒண்ணு வாங்கி பொறந்தநாள் விசேஷம் எல்லாம் எடுக்க ஆரம்பிச்சிருக்கான். பதில் டைப் பண்ண உக்காந்தேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி இங்கயே போட்டுருவோம், இதே கேள்விய மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் கேக்குறாங்க.

இந்த மாதிரி கேட்டா எல்லாரும் ஒரே பதில் தான் சொல்லுவாங்க, அழகு எதுக்குப்பா, யூஸ் தான் முக்கியம்னு. நானும் பத்து வருசமா அதத்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். லட்டு தட்டு சம்பவம் நடக்குற வரைக்கும்.

ஆறு ஏழு வருசம் இருக்கும், பக்கத்து டவுன் டேவான்ல (மண்டபத்துல) ஒரு கல்யாணம். அப்ப என்கிட்ட இருந்தது ஒரு கருப்பு பேக்கு, வெளுத்துப் போயி, ஜிப்பு இழுக்குற துண்டு ஒடஞ்சி அதுல ஒரு சாவி வளையம் மாட்டி வெச்சிருப்பேன். உள்ள நல்ல ஸ்பாஞ்சு, தடுப்பு எல்லாம் கச்சிதம். மணவறை ஓரமா வெச்சிட்டு மாப்பிள்ளை அழைப்ப எடுக்க வாசலுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா பேக்கு இல்ல. தாலி கட்ட பத்து நிமிசம் தான் இருக்கு, 85 எம்எம் லென்ஸ் உள்ள கெடக்கு, எனக்கு வயித்துல புளிய கரைக்குது. கடைசில எங்க இருந்துச்சு தெரியுமா, சமையக்கட்டுக்குப் பின்னாடி சாமான் ரூம்ல, அரிசி மூட்டை மேல. பேக்கு மேல ஒரு லட்டு தட்டு. பொண்ணோட பெரியம்மா தான் எடுத்து வெச்சிருக்காங்க, "அய்யோ தம்பி, யாரோ புள்ளைங்க ஸ்கூல் பேக்க போட்டுட்டு ஓடிருச்சுங்கன்னு நெனச்சேன்யா"ன்னாங்க. லென்ஸ் கெடச்சிருச்சு, தாலியும் எடுத்துட்டேன், ஆனா நெய் எறங்குன அந்த பேக்குல ரெண்டு வாரத்துக்கு எறும்பு.

அந்த பெரியம்மா மேல தப்பே இல்ல. பேக்கு தான் அவங்ககிட்ட சொல்லியிருக்கு, நான் யாருக்கும் வேண்டாதது, என்ன எங்க வேணும்னாலும் தூக்கிப் போடுங்கன்னு. அன்னிக்கு தான் மண்டைல ஏறுச்சு, பேக்கோட தோற்றம்ங்கறது அழகு சமாச்சாரம் இல்ல, அதுவும் பேக்கு செய்ற ஒரு வேலை. நீ பக்கத்துல இல்லாதப்ப அந்த பேக்கு உனக்காக பேசுது. கல்யாண வீட்டுல அது "இது கேமராக்காரரோடது, தொடாதீங்க"ன்னு சொல்லணும்.

ரோட்டுல அதே பேக்கு வாயத் தொறக்கக் கூடாது, அதுதான் சிக்கல்.

நம்ம பத்தாங் பெர்ஜுந்தை (சரி சரி, பெஸ்தாரி ஜெயா, 2007லயே பேர மாத்திட்டாங்க, எங்கம்மா இன்னும் ஒத்துக்கல) பக்கம் செம்பனை ரோட்டுல ராத்திரி பன்னெண்டு மணிக்கு கல்யாணம் முடிச்சு மோட்டார்ல வர்றவனுக்கு தெரியும் நான் என்ன சொல்றேன்னு. விளக்கு கெடையாது, ரெண்டு பக்கமும் மரம், பின்னாடி ஒரு மோட்டார் சத்தம் கேட்டா கண்ணாடிய பாத்துக்கிட்டே வரணும். என் கூட்டாளி ஒருத்தன் கிள்ளான் பக்கம் சிக்னல்ல நிக்கிறப்ப பேக்க இழுத்துட்டானுங்க, பட்டைய குறுக்கால மாட்டியிருந்தான், பேக்கோட சேந்து இவனையும் கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போயிருக்கானுங்க, முட்டி ரெண்டும் போச்சு. அவன் பேக்குல கேமரா கம்பெனி பேரு மஞ்ச கலர்ல இவ்ளோ பெருசுக்கு. கேமரா வாங்குனப்ப ஃப்ரீயா குடுத்த பேக்கு, ஃப்ரீயா வெளம்பரமும் பண்ணிருக்கு, திருடனுக்கு.

நான் ரோட்டுக்கு கண்டுபிடிச்ச வழி கொஞ்சம் சிரிப்பா இருக்கும். என் ரெண்டாவது மக பொறந்தப்ப வாங்குன டயப்பர் பேக்கு. பச்ச கலர், ஓரத்துல ஒரு யானை படம். அதுக்குள்ள ஸ்பாஞ்சு பொட்டி மட்டும் தனியா வாங்கி எறக்கிட்டேன், 40 வெள்ளி கிட்ட வந்துச்சு. பால் புட்டி வெக்கிற எடத்துல 85 லென்ஸ் அளவெடுத்து தச்ச மாதிரி நிக்குது. உள்துணி தொடச்சா போயிரும், கொழந்த வாந்தி எடுக்கும்னு தெரிஞ்சு செஞ்ச பொருளாச்சே, பால்குடத்துல பால் சிந்துனாலும் மஞ்சத்தண்ணி தெறிச்சாலும் ஒண்ணும் ஆகாது. டயப்பர் பேக்க எந்தத் திருடனும் தொடமாட்டான், உள்ள என்ன இருக்கும்னு அவனுக்கும் பயம். கல்யாண வீட்டு வாசல்ல மோட்டார நிறுத்திட்டு ஸ்பாஞ்சு பொட்டிய உருவி, காரியர்ல மடிச்சி கட்டி வெச்சிருக்குற சாம்பல் கலர் கேன்வாஸ் பேக்குல எறக்கிட்டு உள்ள போவேன். என் பொண்டாட்டி இத மாப்பிள்ளை வேஷம் மாத்துறதுன்னு சொல்லுவா.

இப்ப மருமகன் அனுப்புன அந்த பேக்குக்கு வர்றேன். அந்த ஸ்டைல் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லது. பில்லிங்ஹாம்னு ஒரு இங்கிலாந்து கம்பெனி, 1973ல ஆரம்பிச்சது, மொதல்ல செஞ்சது மீன் புடிக்கிறவங்களுக்கான பையி. அந்த 70கள் கடைசில தான் நியூயார்க் பக்கம் போட்டோகிராபர்ங்க அந்த மீன் பைய வாங்கி கேமரா வெச்சிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரிய வருது, அதுக்கப்புறம் தான் கேமராவுக்குன்னே செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணு டொம்கே. பிலடெல்பியால பத்திரிக்கை போட்டோகிராபரா இருந்த ஜிம் டொம்கே, கடைல இருந்த பேக்கு எதுவும் தோதுப்படாம தன் வேலைக்குன்னு தானே வடிவமைச்ச பைல இருந்து வந்தது, அதுவும் 70கள்ல தான். தடிமனா ஸ்பாஞ்சே இருக்காது, சும்மா துணிப்பை மாதிரி இடுப்போட ஒட்டிக்கிட்டு கெடக்கும், கை விட்டா லென்ஸு. ரெண்டுமே அழகுக்குன்னு பொறந்தது இல்ல, வேலைக்குப் பொறந்தது, வேலை செஞ்சு செஞ்சு அழகாயிருச்சு. தோட்டத்துல பழைய சைக்கிளப் பாத்தா ஒரு அழகு தெரியும்ல, அந்த மாதிரி.

ஆனா நீ அனுப்புன படத்த நான் பெருசு பண்ணி பாத்தேன்டா. அந்த பித்தளை கொக்கி எதுலயும் மாட்டல, சும்மா தச்சு வெச்சிருக்கான், அடில காந்தம். மூடி கொஞ்சம் கனமா இழுத்தா தன்னால தொறந்துக்கும். என் கோவம் அழகு மேல இல்ல, இந்த நடிப்பு மேல தான். 680 வெள்ளில பாதி அந்த கொக்கி போடுற வேஷத்துக்கு.

எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுக்கறவரு. காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்கறதுக்கு) இருட்டோட போவாரு. அவர்கிட்ட ஒரு பை இருந்துச்சு, மாவு சாக்குல அம்மா தச்சது, வலது பக்கம் தீட்டுக்கல், இடது பக்கம் வெத்தல பொட்டலம், நடுவுல கத்தி, முனைய மேல பாக்க விடாம துணி சுத்தி. அதுல ஒட்டுப்பால் வாடை அடிக்கும், நாங்க கிட்டயே போகமாட்டோம். ஆனா அவரு மரத்தப் பாத்துக்கிட்டே கைய விட்டாருன்னா எது வேணுமோ அதுதான் கைக்கு வரும். பைய குனிஞ்சு பாத்து நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ நான் வெளையாட்டா தீட்டுக்கல்லையும் வெத்தலையையும் எடம் மாத்தி வெச்சிட்டேன், வாங்குன அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

கம்போங் குவாந்தான்ல மின்மினி பாக்க சம்பான்ல போனப்ப தான் அப்பாவோட பைய நெனச்சேன். கும்மிருட்டு, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, போன் வெளிச்சம் காட்டுனா படகோட்டி பக்சிக் (மலாய்க்கார பெரியவரு) மொறைப்பாரு, பேட்டரி தீந்து போச்சு. என் கூட வந்தவன்கிட்ட இருந்தது பதினெட்டு பாக்கெட் வெச்ச பேக்கு, பாக்கெட் பாக்கெட்டா தடவிக்கிட்டே இருந்தான், படகு கரைக்கு வந்துருச்சு. டயப்பர் பேக்குல பாக்கெட்டே மொத்தம் நாலு தான். அதுனால கடைல பாக்கெட் எத்தனைன்னு எண்ணாத. கண்ண மூடிக்கிட்டு மெமரி கார்ட எடுக்க முடியுதான்னு பாரு, கடைக்காரன் சிரிச்சா சிரிக்கட்டும்.

கனத்த பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. என் சோனி ஏ7 III கேமரா உள்ள இருக்குற பேட்டரியோட 650 கிராம், பழைய ஜிஎம் (சோனியோட ஜி மாஸ்டர் வரிசை) 24-70 லென்ஸ் 886 கிராம், பழைய 70-200 ஜிஎம் 1,480 கிராம், 85 ஒண்ணு 371. கூட்டிப் பாரு, கிட்டத்தட்ட மூணு கிலோ நானூறு, இன்னும் ஃபிளாஷ், பேட்டரி, தண்ணி பாட்டில் எதுவும் சேக்கல. இதுல பேக்கே ஒன்னரை கிலோன்னா ஒரு தோள்ல அஞ்சு கிலோவ எட்டு மணி நேரம் தொங்கவிடுற. நாப்பது வயசுக்கு மேல கழுத்து சொல்லும் கணக்கு. முதுகுல மாட்டுற பேக்கு தோளுக்கு நல்லது தான், ஆனா தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு அத மாட்டிக்கிட்டு போனேன் பாரு, 272 படிக்கட்டு, கூட்டத்துல நான் திரும்புற ஒவ்வொரு தடவையும் என் முதுகு யாரையாவது இடிக்குது. பின்னாடி காவடி வந்துக்கிட்டு இருக்கு, அலகு குத்துன ஆளு மேல பட்டிருந்தா என்ன ஆகும். ஒரு பெரியவரு "தம்பி, முன்னாடி மாட்டு இல்ல எறங்கிப் போ"ன்னு சொன்னாரு. முன்னாடி மாட்டிக்கிட்டேன், ஏழு மாச கர்ப்பிணி மாதிரி.

அதே முதுகு பேக்கோட கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்கு போனா வேற கதை. அங்க வெள்ளி மயிர் லங்கூர் சாது, தோள்ல ஏறி உக்காந்தாலும் ஒண்ணும் பண்ணாது. நீள வால் கொரங்கு தான் கேடி. ஜிப்ப இழுக்கத் தெரியும் அதுக்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு பொண்ணோட பேக்க தொறந்து பிஸ்கட்ட எடுத்துட்டு லென்ஸ் மூடியையும் கொண்டு போயிருச்சு. முதுகுப் பக்கம் தொறக்குற மாதிரி பேக்கு இருக்கு, மாட்டுனா ஜிப்பு நம்ம முதுகோட ஒட்டிக்கும், அந்த மாதிரி எடத்துக்கு அதுதான் சரி.

வெல்க்ரோ பத்தி ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துல கெட்டிமேளத்துல அது கேக்காது. கருமாதி வீட்டுல தேவாரம் பாடிக்கிட்டு இருக்கும்போது "சர்ர்ர்"ன்னு இழுத்துப் பாரு, மொத்த வீடும் உன்ன திரும்பிப் பாக்கும்.

அப்புறம் நம்ம ஊரு மழை. சாயங்காலம் நாலு மணிக்கு இடி இடிச்சுக்கிட்டு வரும், எல்லா பேக்குலயும் அடில ஒரு மழை உறை மடிச்சு வெச்சிருப்பான், அத நம்பி மோட்டார்ல போகாத. முதுகுப் பக்கம் உறை மூடாது, நம்ம சட்டை வழியா எறங்குற தண்ணி உறைக்குள்ள போயி அடில குளம் மாதிரி தேங்கி நிக்கும், வெளில போக வழி இல்ல. நான் உள்ள எப்பவும் ஒரு பெரிய குப்பை பிளாஸ்டிக் பை வெச்சிருப்பேன், பேக்குக்கு உள்ள பொட்டிய சுத்தி அத போட்டுட்டா போதும். நனஞ்ச பேக்க வீட்டுக்கு வந்து ஓரமா வெச்சிட்டு தூங்கிட்டா முடிஞ்சிச்சு கதை. இங்க ஈரப்பதம் எப்பவும் எண்பது பக்கம் நிக்கிற ஊரு, ஸ்பாஞ்சு ஈரத்த குடிச்சிட்டு லென்ஸுக்கு ஊட்டி விடும், கொஞ்ச நாள்ல கண்ணாடி உள்ள சிலந்தி வலை மாதிரி பூசணம். என் மொத 50 லென்ஸ் அப்படித்தான் போச்சு. பேக்கு தூக்கிட்டுப் போறதுக்கு, வெச்சுக்கறதுக்கு இல்ல. வீட்டுல ட்ரை பாக்ஸ்ல (ஈரத்த கொறைக்கிற பொட்டி) ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சிரு, காசு இல்லன்னா இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வை. தோலு பேக்கும் அதே கதை தான், அலமாரில ஒரு மாசம் மூடி வெச்சா வெள்ள வெள்ளயா பூத்துரும், துணியால தொடச்சு தொடச்சு உன் கை தான் பளபளப்பாகும்.

ஜிப்பு இறுகுனா பழைய மெழுகுவர்த்திய பல்லு மேல தேச்சு விடு. ஜிப்ப மூடாம பேக்க தூக்குற பழக்கம் மட்டும் வேணாம், அவசரம்னு ஒரு தடவ அப்படி தூக்கி, மூடி தொறந்து, 24-70 டேவான் சிமெண்டு தரைல உருண்ட சத்தம் இருக்கே, வேணாம், அத எழுதவே மனசு வரல.

ஆக மருமகனே, அந்த 680 வெள்ளி பேக்க இப்ப வாங்காத. சனிக்கெழம அம்மாவயும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா, அத்தை நண்டு வாங்கியிருக்கா. என்கிட்ட இருக்குற அஞ்சு பேக்கயும் வெளில எடுத்துப் போடுறேன், உன் கேமராவ உள்ள வெச்சு மோட்டார்ல ஒரு ரவுண்டு பாலாய் ராயா (ஊர் பொது மண்டபம்) வரைக்கும் போயிட்டு வா, எது தோளுக்கு ஒத்து வருதோ அத ஒரு மாசம் வெச்சுக்கோ. சாம்பல் பேக்க வேணும்னாலும் எடுத்துக்கோ. யானை படம் போட்ட பச்ச பேக்க மட்டும் கேக்காத, அது குடுக்கறதுக்கு இல்ல.